பேச்சுக் கொடுக்கும் உத்தியோகம்

"ஏம்மா, வீடு கட்டறீங்களாமே? சமையலறை எந்தப் பக்கம் வருது?"

தொணதொண கேப்டன் இதைக் கேட்கிற நேரத்தைப் பாருங்கள். விமானம் பத்தாயிரம் அடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது, ஒன்பதாயிரம் தாண்டியாயிற்று. விமானி வாயை மூடிக்கொண்டு உயரம் காட்டும் முள்ளையே பார்க்க வேண்டிய கடைசி ஆயிரம் அடி இது. அப்போதுதான் அவருக்கு அடுத்தவர் வீட்டுச் சமையலறை ஞாபகம் வரும்.

பயப்பட வேண்டாம், விமானம் நிஜமில்லை. பெரிய கூடத்தில் இரும்புக் கால்களில் நின்று ஆடும் பயிற்சிக் கூண்டு. விமானிகளைப் பரீட்சை செய்வது அவர் வேலை. பின்னால் உட்கார்ந்து, தானாக ஓட்டும் கருவியை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டச் சொல்வார். பிறகு பேனாவைக் கீழே போடுவார், மணியை அடிப்பார், ஊர்க்கதை பேசுவார். அதில் மயங்கிச் சொன்ன உயரத்தைத் தாண்டிப் போனவர்கள் ஏராளம்.

"மேல ஆயிரம் அடியில இன்னொருத்தன் வண்டி நிறைய ஆளோட வந்துட்டிருக்கான். அவன்கிட்ட போய், பேசிட்டிருந்தேன் கவனிக்கலைன்னு சொல்லுவீங்களா?" என்பார். கோபமே இல்லாமல் கேட்பார். அதனால் இன்னும் உறைக்கும்.

காலையில் கேன்டீனில் காப்பி குடிப்பதே வம்பு சேகரிக்கத்தான். யாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, யாருக்கு மாமியாரோடு மனஸ்தாபம், எல்லாம் அவருக்குத் தெரியும். இவ்வளவு பேசுகிறவர் வீட்டில் ஊமை. "எல்லாத்தையும் அங்கேயே கொட்டிட்டு வந்துடறார். எனக்கு மிச்சம் வெறும் 'ம்'தான்" என்கிறார் மனைவி.

சமையலறைக் கேள்வியில் விழுந்தவர் ஒரு பெண் துணை விமானி. "கிழக்குப் பக்கம் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் நானூறு அடி கூடுதலாக ஏறிவிட்டார். கேப்டன் பதவிக்கான பரீட்சை அத்தோடு போயிற்று.

நேற்று இரண்டாம் முறை வந்தார். இதிலும் கோட்டை விட்டால் கேப்டன் நாற்காலியை மறந்துவிட வேண்டியதுதான். அந்தக் கம்பெனியில் மூன்றாம் வாய்ப்பு கிடையாது. இவர் தேறிவிட வேண்டுமே என்று பரீட்சை வைக்கிறவருக்கே மனசு அடித்துக்கொண்டது. அதற்காக வேலையை விட முடியுமா? பேனா விழுந்தது, மணி அடித்தது, புது வீட்டுப் பேச்சும் வந்தது. அந்தப் பெண் அசைந்து கொடுக்கவில்லை. ஒரே ஓர் ஏற்றம் பாக்கி.

அந்தப் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேப்டன் கேன்டீனில் கேள்விப்பட்டிருந்தார். அதை மட்டும் தொடுவதில்லை என்று தீர்மானித்திருந்தார். பச்சைப் பிள்ளையின் நோவை வைத்தா பரீட்சை? ஆனால் கூண்டுக்குள் வருமுன் கைப்பேசியைப் பார்த்த அந்தத் தாயின் முகம் அவரை விடவில்லை. அதே யோசனையில் இருந்தவர், தன்னை மறந்து கேட்டே விட்டார்:

"குழந்தைக்கு ஜுரம் விட்டுச்சாம்மா?"

சத்தியமாக அது பரீட்சைக் கேள்வி இல்லை. கேட்ட பிறகுதான் முள்ளைப் பார்த்தார். கடைசி ஆயிரம் அடி. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் திரும்பவில்லை. "கொஞ்சம் இருங்க சார்" என்றார். முள் வந்து சேர வேண்டிய இடத்தில் வந்து நின்றது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, "காலையில விட்டுடுச்சு சார். பால் குடிச்சுட்டுத் தூங்கறான்" என்றார்.

இனி தரையிறங்குவதுதான் பாக்கி. அதில் அந்தப் பெண் கெட்டிக்காரர். பையனுக்கு என்ன வயது என்ற கேள்வி தொணதொண கேப்டனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சக்கரம் தரையைத் தொடும்வரை எடுக்கவில்லை.