நாய் இல்லை, எழுதிக் கொடுக்கிறேன்

போன செவ்வாய்க்கிழமை காலை, பருத்திப்பட்டில் எங்கள் ஃப்ளாட் வாசலில் நாய் பிடிக்கும் வண்டி வந்து நின்றது. எங்கள் சந்தில் நாயே கிடையாது... பிறகு யாரைப் பிடிக்க?

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குட்டி போட்டிருந்த மரநாயை!

கீழ்வீட்டு கீதாவின் வேலை. கைக்குழந்தைக்காரி, பயந்துவிட்டாள். 'மரநாய் தொல்லை' என்று மாநகராட்சிக்குப் போனில் புகார் சொல்லியிருக்கிறாள். எழுதிக்கொண்டவர் மரத்தை விட்டுவிட்டு நாயை மட்டும் எழுதிக்கொண்டார். அதுவோ மரமேறி, பழம் தின்னும் பிராணி. பெயரைத் தவிர நாயோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூன்று குட்டிகளும் இன்னும் சரியாக நடக்கக்கூடப் பழகவில்லை. தாயை வலை போட்டுத் தூக்கிவிட்டால் அவை செத்துப்போகும்.

விடுவேனா? என் பாலூட்டிகள் படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு — அம்மிக்கல் கனம்! — மேலே ஓடி, மாடிக் கதவை மறித்து நின்றேன்.

"அண்ணாத்தே, இது நாய் இல்ல. வலையைக் கீழ வைங்க."

வந்தவர் பெரிய மீசைக்காரர். "இன்னாம்மா நீ? பேரே மரநாய்னு சொல்லிகினு, நாய் இல்லேன்றே?"

பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் விரல் படத்துக்குப் படம் தாவியது. "ஒரே மாதிரி மூணு கீது?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பழைய பதிப்பில் அது ஒரே இனம். புதிய பதிப்பில் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். பிரித்தது சரி என்று ஒரு கோஷ்டி, ஒன்றாகவே இருக்கட்டும் என்று இன்னொரு கோஷ்டி... ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். பொய் சொல்ல மனசு வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"பாத்தியா! பட்ச்சவங்களுக்கே இன்னும் முடிவாவல. நீ மட்டும் எப்டி சொல்றே?"

அவருக்குப் பின்னால் நின்ற கீதா வேகமாகத் தலையாட்டினாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒண்ணா மூணான்னுதான் அண்ணாத்தே சண்டை! நாய் இல்லேன்றதுல ஒருத்தருக்கும் சண்டை இல்ல!"

மீசைக்காரர் சிரித்துவிட்டார். "சர்தாம்மா, நாங்க நாய்க்குத்தான் ஆளு. எழுதிக் குடு, போய்கினே கீறோம்."

'மேற்படி பிராணி நாய் அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷப் பத்திரிகைப் பத்தி எழுத்தில் இவ்வளவு உறுதியாக ஒரு வரி நான் எழுதியதே இல்லை. தெரியாதது கொஞ்சம் இருக்கிறது என்பதற்காக, தெரிந்ததைச் சொல்லவும் கூச்சப்பட்டால் எப்படி?

கீதாவின் பயமும் பொய்யில்லையே. குட்டிகள் கிளம்பும்வரை மாடிக் கதவைப் பூட்டியே வைப்பேன், தினமும் மாடியை நானே கழுவுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். கழுவிக்கொண்டும் இருக்கிறேன். இடுப்பு கழன்றுவிடும்போல இருக்கிறது. இருக்கட்டும்!

நேற்று கீதா கையில் ஒரு கிண்ணத்தோடு படியேறி வந்தாள். "அக்கா, உங்க பூனை பப்பாளி துன்னுமா?"

அடியே, அது பூனையும் இல்லை... எடு அந்தப் புத்தகத்தை!