வகுப்பறைத் தரையில் ஓர் அடிமைக் கப்பல்

குன்னம் தாலுகாவில் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வரலாறு நடத்தினேன். ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருக்கும்போது லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த சபுரா டீச்சர் மாற்றலாகி வந்தார். ஒன்பதாம் வகுப்பில் 'ஏ' செக்‌ஷன் எனக்கு, 'பி' அவருக்கு.

ஒருநாள் அடிமை வணிகப் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகள் பாதிப் பேர் ஜன்னலையே பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வகுப்பில் டீச்சர் சாக்பீஸால் தரையில் கப்பலின் அடித்தட்டை வரைந்திருந்தார். அதற்குள் பிள்ளைகள் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள்.

"யாரும் அசையாதீங்க. இப்புடியேதான் வாரக்கணக்கா கடல்ல போனாங்க," என்றார். வகுப்பில் ஒரு சத்தமில்லை.

என் வகுப்பு ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. வயிறு எரிந்தது. நேரே தலைமையாசிரியரிடம் போனேன்.

"சார், அவங்க பாடம் நடத்தாம விளையாட்டு காட்டுறாங்க. புள்ளைங்கள மண்ணுல படுக்க வெச்சா பெத்தவங்க சும்மா இருப்பாங்களா?"

டீச்சரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அந்த வகுப்பை எனக்குத் தந்தார்கள். சந்தோஷமாகத்தான் போனேன்.

ஒரு மாணவி எழுந்தாள். "சார், நம்ம பக்கத்துலேந்தும் ஆளுங்கள கொண்டு போனாங்கதானே?"

"அதெல்லாம் ஆப்பிரிக்காவுல."

"இல்ல சார், பஞ்ச காலத்துல நம்ம கடற்கரையிலேந்தும் டச்சுக்காரங்க ஏத்திட்டுப் போனாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. துணியும் ஏத்துனாங்களாம், ஆளையும் ஏத்துனாங்களாம்."

எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டில் தேடிப் படித்ததுமில்லை.

மாலையில் டீச்சரிடமே கேட்டேன். கைப்பட எழுதிய நோட்டை நீட்டினார். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேற்றப்பட்டவர்கள், ஜாவாவுக்குப் போனவர்கள், பசியில் பிள்ளைகளை விற்றவர்கள். பக்கம் பக்கமாக இருந்தது.

"டீச்சர், ஹெச்.எம். கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும் சார். அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் ஏன் இத குடுக்குறீங்க?"

"நாளைக்கும் அந்தப் புள்ள கேக்கும். நீங்க தப்பா சொல்லிடக் கூடாதுல்ல."

மறுநாள், பொறாமையில்தான் புகார் சொன்னேன் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். வகுப்பு அவருக்கே திரும்பியது. ஆனால் நான் ஓய்வுபெறும்வரை சபுரா டீச்சர் புத்தகத்தைத் திறந்து வாசிக்க மட்டுமே செய்தார்.

வேலைக்குப் புதிதாக வருபவர்களே, பக்கத்து அறையில் ஒருவர் உங்களைவிட நன்றாகச் செய்தால், போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். நான் புகாரைத்தான் திரும்பப் பெற்றேன். அந்தப் பாடத்தை என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.