சுண்ணாம்புக் குழிமேல் கண்ணாடி

ஆம்பூர் பழைய பேட்டையில் அப்பா வேலை பார்த்த தோல் டேனரியை இடித்து, இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும், தோல் பதனிடும் ஆவாரம்பட்டையைக் காட்சிக்குக் கூடையில் வைத்திருந்த வாசனை என்னை ஒன்பது வயதுக்கு இழுத்துப்போனது. வரிசையாகச் சுண்ணாம்புக் குழிகள், வெள்ளைச் சேற்றில் ஊறும் தோல்கள், நடுவே ஒரு சாண் வரப்பு, அதில் வழுக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவின் தூக்குவாளியோடு நடக்கும் நான், பின்னால் மேஸ்திரி மகன் சேகரின் குரல்.

"இன்னாடா ஆடுற? உள்ள விழுந்தா எலும்புகூட மிஞ்சாது."

தினமும் இதே பாட்டு. தினமும் என் டவுசர் நனையும்.

நாற்பது வருடம் காத்திருந்து, இன்று சேகரை நானே கூட்டிவந்தேன். குழிகளை அப்படியே விட்டு மேலே கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள். கீழே பார்த்தவன் இக்கரையிலேயே தூணைக் கட்டிக்கொண்டான். நான் கண்ணை மூடி, தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டபடி அக்கரை சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்.

"இன்னாடா ஆடுற? உள்ள விழுந்தா எலும்புகூட மிஞ்சாது."

அவன் முகம் வெளுத்தது. என் வயிறு குளிர்ந்தது.

சேகர் மெல்லத் தூணை விட்டான். "வெளிய போற வாசல் இந்தப் பக்கம்தான் இருக்குது தோஸ்த். நிதானமா வா."