பக்கத்து மலை

என் அக்கா ஜெயமலருக்கு ஐம்பத்தெட்டு வயது. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை செய்தவள். மூன்று வருடத்துக்கு முன் அத்தானும் அவளுமாக மில்லிக்கனில் இருந்த வீட்டை விற்று, ஒரு பழைய வான் வண்டிக்குள் கட்டிலும் அடுப்பும் பூட்டிக்கொண்டு மலை ஏறப் போய்விட்டார்கள். பிள்ளைகள் இல்லை, தடுக்க ஆளும் இல்லை. நான் தடுத்துப் பார்த்தேன்.

"ரெண்டு பேருக்கும் விசர், மூளை குழம்பிட்டுது" என்றேன். அத்தான் அன்புராசா சிரித்தார்.

குளிருக்கு அரிசோனாப் பக்கம், கோடைக்கு அல்பேர்ட்டா. கடினமான பாதையாகத்தான் தேடிப் பிடிப்பார்கள். பாறை விளிம்பில் சங்கிலியைப் பிடித்தபடி அக்கா நிற்கும் படம் வந்தால், அவர்கள் விட்டுப்போன நகரத்திலேயே, வெக்ஸ்போர்ட்டில், என் குசினியில் அடுப்பை அணைத்துவிட்டுப் பயந்து பயந்து பார்ப்பேன். ஆனாலும் படம் வந்தால்தான் நிம்மதி. அக்கா இறங்கி முடித்த பிறகே படம் போடுவாள்.

முன்கூட்டிச் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்பது அவள் நம்பிக்கை. எங்கள் சனத்தில் பாதிப் பேர் அப்படித்தான். வீடு வாங்கினால் குடிபூரலுக்குக் கூப்பிடும்போதுதான் ஊருக்குத் தெரியவரும். அக்கா அதில் பட்டம் வாங்கியவள். இருந்தாலும் மலை ஏறுகிறவர்கள் யாராவது ஒருவருக்குப் பாதையையும் இறங்கும் நேரத்தையும் சொல்லிவைக்க வேண்டுமாம். அந்த ஒருவர் நான். எனக்கு அதில் பெருமை.

போன யூலையில் ஒரு வெள்ளிக்கிழமை போன் எடுத்தாள்.

"நிரூ, நாளைக்கு ஏரிப் பாதையால ஏறுறம். ஞாயிறு மத்தியானம் உங்கட நேரம் பன்னிரண்டு மணிக்குள்ள எடுப்பன். எடுக்காட்டிப் பொலிசுக்குப் போன் அடி. ஒருத்தருக்கும் சொல்லாத."

"ஓமக்கா."

ஞாயிறு பன்னிரண்டு மணி கடந்தது. பன்னிரண்டரையும் கடந்தது. ஒரு மணிக்கு அல்பேர்ட்டாப் பொலிசுக்கு அடித்தேன். பெயர், வயது, பாதை, வானின் நிறம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டே முக்காலுக்கு அந்த அதிகாரி திரும்ப அழைத்தார். ஏரிப் பாதை அடிவாரத்தில் வான் இல்லையாம். இறங்கிப் போயிருப்பார்கள், சிக்னல் கிடைக்காமல் இருக்கும், பதற வேண்டாம் என்றார்.

கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். இறங்கியிருந்தால் அக்கா எடுத்திருப்பாள். வான் அங்கே இல்லையென்றால், அவர்கள் அங்கே ஏறவேயில்லை. அக்கா எனக்கும் பொய் சொல்லியிருக்கிறாள். என் கண்ணுக்கும் பயந்திருக்கிறாள்!

கோபம் வரவில்லை. பயம்தான் இரண்டு மடங்கானது. ஏனென்றால் அந்தப் படங்களைப் பார்த்து நான் எரிந்தது உண்மை. மருந்துக்கடையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு பஸ்ஸில் வரும்போது, இவளுக்கு மட்டும் இப்படி ஒரு வாழ்க்கையா என்று எத்தனை தரம் நினைத்திருப்பேன். என் எரிச்சல்தான் அவர்களைத் தள்ளிவிட்டதோ?

அழுதால் ஆகாது என்று யோசித்தேன். ஊருக்கு அக்கா சொல்லும் பொய்கள் எனக்குப் பழக்கம். அவளுக்குப் பெரிய பொய் வராது. ஒப்பரேசனுக்குப் போனபோது, அதே கட்டடத்தில் பல் டொக்டரிடம் போவதாகச் சொன்னாள். மில்லிக்கனில் வீடு பார்த்தபோது பக்கத்து ஊரான மார்க்கம் என்றாள். உண்மையைப் பக்கத்திலேயே ஒளித்துவைப்பாள்.

திரும்பப் பொலிசுக்கு அடித்தேன். அதே றோட்டில் அடுத்த பாதை எது என்று கேட்டேன்.

"முகட்டுப் பாதை. ஆனால் அது மிகவும் ஆபத்தானது, அவர்களுடைய வயதுக்கு…"

"அங்கேதான்!" என்று கத்தினேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். கண்ணூறை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. என் அக்காவை எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகுதான் உண்மையான நரகம். என் கணக்குப் பிழைத்திருந்தால், தேடுகிறவர்களையும் பிழையான மலைக்கு நானே அனுப்பிவிட்டேன். சாமிப்படத்துக்கு முன்னால் நிற்கவும் பயமாக இருந்தது. ஐந்தரைக்கு வான் முகட்டுப் பாதையில் நிற்கிறதென்றார்கள். ஆறேகாலுக்கு ஹெலிகொப்டரில் இருவரையும் ஏற்றிவிட்டார்கள். சறுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்த அத்தான் விளிம்பிலிருந்து உருளாதபடி, அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு சனிக்கிழமை பின்னேரத்திலிருந்து அக்கா இருந்திருக்கிறாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏனக்கா எனக்கும் பொய் சொன்னனீங்கள்?"

அத்தானுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"கொஞ்ச நாளா நீ கதைக்கிற விதம் மாறியிருந்தது, நிரூ."

"ஓமக்கா" என்றேன். இருவரும் அழுதோம்.

அத்தானின் கால் பொருந்திவிட்டது. இந்தக் கோடை வான் திரும்பவும் புறப்பட்டது. நேற்று ஒரு பாதையின் பெயரை அனுப்பியிருந்தாள்.

"உது உண்மையான பேரோ?" என்று கேட்டேன்.

"சத்தியமா, நிரூ. இனி உனக்குப் பொய் சொல்லமாட்டன்."

இன்று சனிக்கிழமை. அவர்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த மலை எப்படி இருக்கும் என்று போனில் தேடியும் பார்க்கவில்லை. என் கண்ணுக்கு இப்போது நானே பயம்; அவள் இந்த முறையும் பொய்யே சொல்லியிருந்தால் நல்லது.