நாற்பது கற்கள்

ஆற்றில் பொறுக்கிய கல்லை இன்னொரு கல்லால் தட்டி, காதோடு வைத்துக் கேட்பார் போனிஃபாஸ். விரிசல் இருந்தால் நெருப்பில் வெடித்து ஆளைப் பதம் பார்த்துவிடும். "இது வாயாடி, வேணாம்" என்று தூர எறிவார். தேறியவை நாற்பதும் ஓர் அரிசிச் சாக்கில் கிடக்கும். மனைவிகூட அந்தச் சாக்கைத் தொடக் கூடாது. "நாப்பதுல ஒண்ணு குறைஞ்சாலும் பன்னி வேகாது" என்பார்.

குவாடல்கனால் தீவில் எங்கே சண்டை தீர்ந்தாலும் கல்லடுப்பில் பன்றியைப் புதைத்துச் சமைப்பவர் அவர்தான். இரு தரப்பும் ஒரே இலையில் கைவைத்தால்தான் எங்களுக்குச் சமாதானம். தொண்ணூற்றொன்பதில், எங்கள் தீவில் குடியேறியிருந்த மலைத்தா தீவுக்காரர்களோடு தலைநகர் ஹோனியாராவில் நடந்த சமாதானப் பேச்சுக்கும் அவரைக் கூப்பிட்டார்கள். மூன்று முறை போனார். மூன்று முறையும் பன்றி உயிரோடு திரும்பியது. ஊர் சிரித்தது, அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கை ரோசினா வாழ்க்கைப்பட்டது மயேலாவு என்ற மலைத்தாக்காரனுக்கு. சமவெளியில் அவன் ஆட்களின் வீடுகள் எரியத் தொடங்கியிருந்தன. பேச்சு முறிந்தால் அவளும் பிள்ளைகளும் தீவை விட்டே போக வேண்டியதுதான்.

நான்காம் முறை, கையெழுத்துக்குக் காத்திராமல் காலையிலேயே கல்லைக் காயவைத்துப் பன்றியைப் புதைத்துவிட்டார். வெந்த கறியை விட்டு எழுந்து போவது எங்கள் பக்கத்தில் பெரிய அவமானம். அதற்குப் பயந்தாவது உட்கார்ந்துவிடுவார்கள் என்று நம்பினார், பாவம்.

மத்தியானம் மண்டபக் கதவு திறந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ரெண்டாப் பிரிச்சுக் கட்டு," என்றார் எங்கள் தரப்புத் தலைவர்.

"ரெண்டாப் பிரிச்சா இது வெறும் கறிதாங்க."

"கறியாவே இருந்துட்டுப் போகட்டும்."

இரண்டு மூட்டைகளும் இரண்டு லாரிகளில் ஏறிப் போயின.

மூன்றாம் நாள், மலைத்தாவுக்குப் போகும் கப்பலுக்காகத் துறைமுகத்தில் நெரிசல். பாய், பானை, மூன்று பிள்ளைகளோடு ரோசினா நின்றாள்.

"அங்க போனா என்னையும் குவாடல்கனால்காரின்னுதானே பாப்பாங்க, அண்ணே?"

மயேலாவு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். போனிஃபாஸ் தோளிலிருந்த அரிசிச் சாக்கை இறக்கி அவிழ்த்தார். ஒவ்வொரு கல்லாகத் தட்டி, காதோடு வைத்துக் கேட்டு, நல்லதாகப் பார்த்து இருபதை மச்சானின் காலடியில் அடுக்கினார்.