ஐந்து பங்குக்கு ஒரு பங்கு சுருட்டு இலை

மழை விட்ட சாயங்காலங்களில் எங்கள் கார் கொட்டகைக்குள் ஒரு வாசனை தங்கியிருக்கும். நனைந்த மண்ணும், தோல் அட்டை போட்ட பழைய சட்டப் புத்தகமும், எங்கேயோ கருகும் கொட்டாங்கச்சியும் ஒன்றாகச் சேர்ந்தது போன்ற வாசனை. பைப் புகையிலையோடு சுருட்டு இலையைக் கலந்து ஜாடியில் ஊறவைத்ததால் வந்த வாசனை அது. அறுபதுகளின் கடைசியில், மயிலாப்பூர் குளத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் வீட்டில் அதற்கு "அப்பா வாசனை" என்று பெயர். போன மாதம் அப்பாவின் நூற்றாண்டுக்காக என் தம்பி அச்சிட்ட சிறு மலரிலும் அந்தப் பெயர் இருக்கிறது. தன் புகையிலையைத் தானே கலந்துகொண்ட ரசிகர் என்று அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறான். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. தம்பி மீது அல்ல. அவனுக்கு அப்போது நாலு வயது. உண்மை தெரிந்தவன் நான். ஐம்பது வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்காமல் இருந்தவனும் நான்.

கலந்தவர் எங்கள் டிரைவர் சவரிமுத்து. ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாய்மாமன் வீட்டார் உறையூரில் சுருட்டு சுற்றுகிறவர்கள். என்னைவிட முப்பது வயது மூத்த அந்த மனிதரை நான் அப்போது "அவன்" என்றுதான் சொல்லுவேன். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அவருடைய வேலை போனது என்னால்தான்.

அப்பா வக்கீல். கப்பலில் வருகிறவர் ஒருவர் அவருக்கு வெளிநாட்டுப் புகையிலை டப்பா கொண்டுவந்து கொடுப்பார். அது நின்றுபோனதும் தித்திப்பு ஏற்றிய உள்ளூர்ச் சரக்கை வாங்கிப் பிடித்துவிட்டு, எரிகிற நாக்கைத் துருத்திக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் காரில் அந்தப் புகையை முகர்ந்த சவரிமுத்து, "இது வெறும் பாகு சார். நாக்க கட்சிட்டு ஓடிப்பூடுது. ஒடம்பே இல்ல. நம்ம எலைய கொஞ்சம் சேத்தா நிக்கும், பாக்கறீங்களா?" என்று கேட்டாராம்.

அடுத்த வாரம் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு இலை வந்தது, கறுப்பும் காப்பிப்பொடி நிறமுமாக. கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நடு நரம்பை உரித்து எறிந்துவிட்டு, எங்கள் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் சேந்தி, விரல் நுனியால் இலைமேல் தெளிப்பார். ஈரத்துணியில் சுற்றி ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் இறுக்கி உருட்டி, மயிர் போல நறுக்குவார். ஐந்து பங்கு பைப் தூளுக்கு ஒரு பங்கு இலை. ஐப்பசி மழையில் தண்ணீரைக் குறைப்பார். அக்னி நட்சத்திரத்தில் ஜாடியைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டுவார். பதினைந்து நாள் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. "ரெண்டும் ஒண்ண ஒண்ணு முறைச்சிக்கினு கீது. சண்ட தீரட்டும் சார்" என்பார்.

தீர்ந்த பிறகு வரும் புகையின் குணத்தை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் இழுப்பில் பழைய தித்திப்புதான் நாக்கின் நுனியில் வரும். பிறகு மெதுவாக ஒரு கனம் வந்து நடுநாக்கில் உட்காரும். கடைசியில் காரம் தொண்டையில் இறங்காமல் மூக்குக்குள் மிளகு போல ஏறும். தூள் நிதானமாக எரியும், நாக்கைக் கடிக்காது. அப்பா அதை ரசித்துப் புகழ்ந்த ஒரு நாள் சவரிமுத்து சொன்னார்: "அதுல சுருட்டு தனியா தெரிஞ்சிச்சின்னா, கலக்குனவன் தப்பு பண்ட்டான்னு அர்த்தம் சார்."

இலையின் வீரியம் பார்க்க ஒரு துணுக்கைக் கிள்ளிக் கடிப்பார். உடனே வெளியே போய்த் துப்பி, வாய் கொப்பளித்து, கை கழுவிவிட்டுத்தான் மறுபடி ஸ்டூலில் உட்காருவார். யாரும் சொல்லிக் கொடுத்து அல்ல. எங்கள் வீடு எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். தம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து காப்பி குடிக்கிற வீடு. குடிக்கும்போது உதடு பட்டுவிட்டால் அம்மா அந்தத் தம்ளரைப் புளி போட்டுத் தேய்ப்பாள். அப்படிப்பட்ட வீட்டில் அப்பா நாள் முழுக்க வாயில் ஒரு கட்டையைக் கவ்விக்கொண்டிருந்ததற்கு அம்மா கண்ட சமாதானம், "அந்தக் குழாயை எடுத்துண்டு ரேழியைத் தாண்டாதேங்கோ" என்பதுதான். இப்போது நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். எனக்கு வருவதில்லை.

பதின்மூன்று வயதில் நான் சவரிமுத்துவின் இலைக் கட்டிலிருந்து ஓர் இலையைத் திருடிச் சுருட்டி, கொட்டகையின் பின்புறம் பற்றவைத்தேன். மூன்றாவது இழுப்பில் தலை சுற்றியது. சவரிமுத்து வந்து பார்த்தார். கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"இன்னா நைனா, மீச மொளைக்கங்காட்டியும் சுருட்டு கேக்குதா? ஒங்கப்பாவுக்கே அஞ்சுக்கு ஒண்ணுதான் குட்துனு கீறேன். நீ முழுசா இழுக்கிறியா? ஈரல் வெந்துபூடும்!"

நான் வாந்தி எடுத்தேன். அவரே தண்ணீர் சேந்தி என் முகத்தைக் கழுவினார். "அய்யாகைல சொல்ல மாட்டேன், போ. இன்னொரு தபா பாத்தேன், ரெண்டு கன்னமும் பழுத்துடும்" என்றார். சொன்னபடியே யாரிடமும் சொல்லவில்லை. எனக்கோ, ஒரு டிரைவர் என்னை அடித்துவிட்டான் என்பது ஒன்றுதான் மனசில் நின்றது. அவர் முகம் கழுவிவிட்டது நிற்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடையாறிலிருந்து அப்பாவின் பழைய சீனியர் வக்கீல் வந்தார். அவரும் பைப் பிடிப்பவர். அப்பாவின் ஜாடியிலிருந்து தன் பைப்பை நிரப்பி, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேஷ்! எங்கேர்ந்துடா பிடிச்சே இதை?"

"நானே கலக்கறதுதான் சார்" என்றார் அப்பா.

பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்த நான் சொன்னேன்: "அப்பா கலக்கலை மாமா. சவரிமுத்துதான் கலப்பான். இலையை வாயில போட்டு எச்சில் பண்ணித்தான் நறுக்குவான். நான் கண்ணால பாத்தேன்."

முதல் பாதி உண்மை. அதை வைத்துக்கொண்டுதான் அடுத்த பாதியை நம்பவைத்தேன். தெரியாமல் உளறினேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் வீட்டில் எந்த வார்த்தை என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். திருடினான் என்று சொல்லியிருந்தால் அப்பா திட்டிவிட்டு விட்டிருப்பார். எச்சிலுக்கு மன்னிப்புக் கிடையாது.

சீனியர் எழுந்து முற்றத்துக்குப் போய், குழாயைத் திறந்து, நாலு தரம் வாய் கொப்பளித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். சீனியர் கிளம்பிப் போனதும் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

"வாயில வெச்சுத்தான் நறுக்கறயாமே. இவன் கண்ணால பாத்தேங்கறான். நிஜமா?"

சவரிமுத்து என்னைப் பார்த்தார். அவரிடம் என் ரகசியம் இருந்தது. அதைச் சொன்னால் போதும், நான் ஏன் இப்படிப் பேசினேன் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"கொழந்த கண்ணால பாத்தேன்னு சொல்லுது. நான் இன்னா சார் சொல்றது?"

"நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்றார் அப்பா.

சவரிமுத்து கார் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தார். "ஜாடிய நல்லா மூடி வைங்க சார். மழ வர்றாப்புல கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு வருஷம் ஓட்டிய காரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜாடியிலிருந்ததை அம்மா சாக்கடையில் கொட்டினாள். பைப்பை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தாள், கட்டை பிளந்துகொண்டது. அப்பா வேறு பைப் வாங்கி, எங்கிருந்தோ இலையும் வாங்கி, தானே கலந்து பார்த்தார். மூன்றுக்கு ஒன்று போட்டாரோ என்னவோ, கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு நாள் முழுக்கப் படுத்திருந்தார். பிறகு அந்தப் பாகையே பிடித்துக்கொண்டு, நாக்குப் புண்ணோடு பல வருஷம் காலம் தள்ளினார்.

இவ்வளவும் பதின்மூன்று வயதுப் பையன் செய்தது. அவனைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடலாம். எழுபதுகளின் நடுவில், நான் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சாயங்காலம் பைப்பைத் தட்டிக்கொண்டே அப்பா கேட்டார்: "ஏண்டா, சவரிமுத்து நிஜமா அப்படிப் பண்ணியிருப்பான்னு நினைக்கறயா?" அப்பாவின் குரலில் கெஞ்சல் இருந்தது. 'இல்லை' என்று நான் சொல்லியிருந்தால், அவர் மறுநாளே ராயப்பேட்டைக்கு ஆள் அனுப்பியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

"எனக்கு ஞாபகம் இல்லைப்பா" என்றேன்.

அந்தப் பதிலைச் சொன்னவனை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்பா போன பிறகு ஒரு தடவை ராயப்பேட்டையில் சவரிமுத்து குடியிருந்த தெருவைத் தேடிக்கொண்டு போனேன். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள்கூட அங்கே யாரும் இல்லை. தாமதமாகப் போனேன், அது தெரிந்துதான் போனேன்.

மலரைப் படித்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப எதுக்குண்ணா அதெல்லாம்? யாருக்குத் தெரியப்போறது?" என்றான். யாருக்கும் தெரியாமல் போவதற்கு வேண்டியதை எங்கள் குடும்பம் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. வீடு இடிந்து அடுக்குமாடியாகிவிட்டது. கார் கொட்டகை இருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. கிணற்றைத் தூர்த்து அதன்மேல் காவலாளிக்கு ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். அந்த வாசனையைச் சவரிமுத்து போன பிறகு நான் எங்கும் முகர்ந்ததில்லை.

அதனால் அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன். அது அப்பாவின் கலவை அல்ல, சவரிமுத்துவின் கலவை. அந்த இலையில் பட்டது எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான். நான் கண்ணால் பார்த்தேன்.