கயிற்றின் மறுமுனை

தூத்துக்குடியில் எங்களை ஹார்பர் ஆட்கள் என்பார்கள். புதிய துறைமுகம் கட்ட வெளியூர்களிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் தங்கியவர்கள். நான் கோயம்புத்தூர்க்காரன். நாற்பது வயதுவரை கடலை இரண்டு முறைதான் பார்த்திருந்தேன். அலைதடுப்புச் சுவருக்குக் கல் கொட்டுமுன் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பது என் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கயிற்றைப் பற்றித் தெரியாதவன் என்று என்னை யாரும் மன்னித்துவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வள்ளம் பேசித் தீவுப் பக்கம் போவோம். அன்று மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. எங்கள் வள்ளத்தை ஓட்டும் தண்டல் மட்டும் மாதா கோயிலில் விடியற்காலைப் பூசை முடித்துவிட்டு வருவார். வேறு ஒரு பாய்கூடக் கண்ணில் படாத கடல். முழுக் கடலும் நமக்குத்தான் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம்.

கப்பல் மாலுமியிடம் நண்பர் ஒருவர் வாங்கிய கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் இரண்டு ஜோடி இருந்தன. முறை வைத்து மாட்டிக்கொண்டு, குப்புற மிதந்து பாரைப் பார்ப்போம். கடலடிப் பாறைத் திட்டுக்கு அங்கே பார் என்று பெயர்.

அன்று என் மகளின் முறை. பதின்மூன்று வயது. கிணற்றில் நீந்தப் பழகியவள். அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். தண்டல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், பெத்தவன் கயிறு புடிக்கப்படாது."

"ஏன்?"

"சங்கு குளிக்கவனுக்கு மச்சினன்தான் புடிப்பான். அக்கா தாலி அவன் கையில இருக்குல்லா, வுடமாட்டான். அப்பன் கை பதறும் சார். பதறுத கை சும்மா கெடக்காது."

"மச்சானுக்கு இப்ப எங்க போறது? நானே பிடிக்கிறேன், குடுங்க," என்றார் முகமூடி வாங்கிய நண்பர். நான் தரவில்லை. என் பெண்ணை இன்னொருவர் கையில் எப்படித் தருவது?

நான் ஒரு முறை இழுத்தால் அவளும் ஒரு முறை இழுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்தேன்.

"சார் டெலிபோன் போட்டுட்டே இருக்கார். டிரங்க் கால்னா பில் ஏறுமே!" என்று நண்பர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் ஒரு தடவை தலையைத் தூக்கிக் கத்தினாள். "அப்பா, மீன் கிட்ட வர்றப்பெல்லாம் இழுக்கறீங்க. ஓடிப்போயிருதுங்க!"

"சரி கண்ணு, இனி இழுக்கல," என்றேன். இரண்டு நிமிடம் பொறுத்தேன். மறுபடியும் இழுத்தேன்.

பிறகு அவள் கத்தவில்லை. புளிச்சோறு பிரித்தார்கள். மேற்கே வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. அவள் தலை தெரியவில்லை. ஆனால் நான் இழுத்தபோதெல்லாம் கயிறு பதிலுக்கு இழுத்தது. "ஏனுங்க, பிள்ளை சாப்பிட வரலையா?" என்று மனைவி கேட்டாள். "இப்பத்தான் பதில் சொன்னாள், கொஞ்ச நேரம் பார்க்கட்டும்," என்றேன்.

தண்டல்தான் எழுந்து வந்தார். "சார், கயிறு கீழ எறங்குது."

"இப்பதான் இழுத்தாள்."

"மேல மெதக்குத புள்ளைக்கிக் கயிறு கீழ ஏன் எறங்குது?"

நங்கூரத்தை எடுக்கலாம், நீரோட்டம் திரும்பிவிட்டது, தேடலாம் என்றார். நான் விடவில்லை. என் மகள் இந்தக் கயிற்றின் நுனியில் இருக்கிறாள், வள்ளத்தை அசைத்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று கத்தினேன். இன்னொரு முறை இழுத்துக் காட்டினேன். கயிறு பதில் சொன்னது. அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. தண்ணீரில் குதித்தார். கயிற்றைப் பிடித்தபடியே போனார்.

பாரில், மார்பளவு ஆழத்தில், ஒரு பாறைக் கொம்பில் கயிறு கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு. பள்ளிக்கூட ஷூவுக்கு நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு. என் கை ஓயாததால் இடுப்பிலிருந்து அவிழ்த்து அங்கே கட்டிவிட்டு மீன் பார்க்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்து கட்டிக்கொள்ளத்தான் நினைத்திருப்பாள். அலை ஏறும்போதெல்லாம் வள்ளம் தூக்க, பாறையில் கட்டிய கயிறு இறுகி என் கையை இழுத்தது. அதற்குத்தான் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருட்டும்வரை தேடினோம். கூப்பிட்டுப் பார்க்க வேறு ஒரு வள்ளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா. மறுநாள் கடலுக்குப் போனவர்கள் தெற்கே வெகுதூரத்தில் அவளைக் கண்டெடுத்தார்கள். முகமூடி முகத்திலேயே இருந்ததாம்.

துக்கம் கேட்க வந்த தண்டல் என்னைக் குறை சொல்லவில்லை. வாசலில் நின்றுவிட்டுப் போனார். மனைவியும் குறை சொன்னதில்லை. ஆனால் சில மாதங்களுக்கு ஒரு முறை, காய் நறுக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, தலை நிமிராமல் ஒன்று கேட்கிறாள்.

"கடைசியா அவ இழுத்தது எப்பங்க? நான் சாப்பாட்டுக்குக் கூப்பிடறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

பின்னால் என்றால், அப்போதே கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். முன்னால் என்றால், அவள் இல்லாத கயிற்றை வைத்துக்கொண்டு பெற்ற தாயின் வாயை அடைத்திருக்கிறேன். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். உள்ளங்கையை மூடித் திறந்து பார்க்கிறேன். அவளுடைய இழுப்பும் பாறையின் இழுப்பும் என் கைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. எனக்குத் தெரியவில்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.